மரைக்காற் கணக்கு

தரம் பத்து மாணவிகளுக்கு நாட்டார் பாடல்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பாடல்களின் இயல்புகளை நாம் வழக்கமாகக் கூறும் முறையிலேயே கூறினேன்: வாய்மொழியாக வழங்குபவை, எளிமையானவை, ஆக்கியோர் பெயர் அறியப்படாதவை. மூன்றாவது இயல்பைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், ‘என்ஜாய் எஞ்சாமி’யும் நாட்டார் பாட்டு மாதிரித்தானே? அதுல வாற வள்ளியம்மாள்ட பேர் எல்லாருக்கும் தெரியுமே!”

வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்தேன். ஆயினும் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னோடு கூடவே வந்தது.

அப்பாடலைக் கேளாதவர் நம்மிடையே அரியர். 2021 மார்ச் 7 இல் வெளியான அதனை அறிவு எழுதினார். அவரும் தீயும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பைச் செய்தார். கல்முனைக் கடைத்தெருவில் ஓடும் ஆட்டோக்களிலெல்லாம் சில மாதங்கள் அதுவே ஒலித்தது. சிறுவர் அதற்கு ஆடினர். துள்ளலிசைப் பாடல்களுள் இதுவும் ஒன்று என்றே நானும் முதலில் எண்ணியிருந்தேன். பிறகுதான் உள்ளே கிடக்கும் ஒப்பாரி காதில் விழுந்தது. அரக்கோணத்து இளைஞராகிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், நம் நாட்டின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர். மரத்தையும் மண்ணையும் நட்டு வளர்த்தவர்களுக்கு அவற்றில் உரிமை இல்லாமற் போன கதையைப் பேரன் பாட்டாக்கினார். காட்சிப் படத்தில் அந்த முதியவளே அரசியைப் போல் அமர்ந்திருக்கிறாள்.

அவள் ஏன் திரும்பினாள் என்று என் மாணவிகளிடம் கேட்டேன். விடை வரவில்லை. வயலும் கடலும் தறியுமாக வாழும் நம் கரையோரத்தாருக்கு மலைநாடு எப்பொழுதும் தொலைவிலேயே இருந்துவந்திருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர். அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974 இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். களவெட்டியில் நெல்லை அளந்து பங்கிடும்போதுகூட, பதர் போகட்டும் என்று கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்கள். இந்தக் கணக்கில் அதுவும் இல்லை. பிறந்த இடத்தையும் புதைத்த பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியவர்களை இக்கணக்கின் எந்த நிரலில் எழுதுவது?

அதே 1964 இல்தான் தமிழகத்தில் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளும், இங்கே வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழக’மும் வெளிவந்தன. மக்கள் பாடல்களைத் தேடிப் பேனாவோடு நடந்த ஒரு தலைமுறை அது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் நம் முஸ்லிம் கிராமங்களின் கவிகளைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றுட் பல அவற்றைப் பாடியவர்களோடே மண்ணுக்குள் போயிருக்கும். இவர்களுக்கு நான் கடமைப்பட்டவள். இனிச் சொல்லப் போவது என் குற்றம்.

பட்டப் படிப்பின் இறுதியாண்டில், கீழ்க்கரை முஸ்லிம் பெண்களின் கவிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினேன். நாற்பத்தொரு கவிகளை எனக்குப் பாடித் தந்தவர் என் மூத்தம்மா, உம்மாவைப் பெற்றவர். பின்னிணைப்பில் அவரை இவ்வாறு குறித்தேன்: ‘தகவலாளி 3. பெண். வயது 74. எழுத்தறிவு இல்லை.’ கவிகளைக் காதல், பிரிவு, தாலாட்டு என்று வகைப்படுத்தி, எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆக்கியோர் அறியப்படவில்லை’ என்று எழுதினேன். ஆக்கியவர் அடுத்த அறையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்!

அவற்றுள் ஒரு கவி என்னை மிகவும் கவர்ந்தது. வட்டைக்குப் பறந்துபோகும் கிளியிடம், வாடியிலிருக்கும் மச்சானைப் பார்த்து, இன்னும் எத்தனை மரைக்கால் என்று கேட்டு வரும்படி ஒரு பெண் வேண்டுகிறாள். இதற்கு நான் மூன்று பக்க விளக்கம் எழுதினேன். முல்லைத் திணையின் ‘இருத்தல்’ என்றேன். அளக்கவொண்ணாத் துயரை மரைக்காலால் அளக்க முனையும் பேதைமையின் அழகு என்றேன். குறுந்தொகையிலிருந்து ஒப்புமையும் காட்டினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

மாணவி கேட்ட கேள்விக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை மூத்தம்மாவிடம் போனேன். இப்பொழுது அவருக்கு எண்பத்தேழு வயது, செவி மந்தம். கைபேசியில் அப்பாடலின் காட்சியைக் காட்டினேன்.

“இது ஆர்ர மூத்தம்மா?”

“பாட்டு எழுதின தம்பிட மூத்தம்மா.”

“அரசி மாதிரிக் குந்திக்கிறா,” என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியம்மாளின் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அதன் பிறகு அவருடைய கிளிக்கவியை நானே பாடிக்காட்டி, அந்த மரைக்காலுக்கு என்ன பொருள் என்று வினவினேன். ஒரு பட்டதாரி இப்படியும் கேட்பாளா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“மரைக்கால் எண்டா மரைக்கால்தான் புள்ள. நெல்லு அளக்குற மரைக்கால்.”

கதை மெல்ல மெல்ல வந்தது. 1957 டிசெம்பரில் பெருவெள்ளம். மூத்தவாப்பா போடியாரின் வயலில் வாடிகட்டிக் காவலிருந்தார். வித்து நெல்லும், வேளாண்மை முடியும்வரை உண்பதற்கான செலவு நெல்லும் போடியார் கடனாகக் கொடுப்பார்; அறுவடையில் அவை பங்கிலே கழிக்கப்படும். வெள்ளம் வயலைத் தின்றது. எட்டாம் நாள் மூத்தவாப்பா உயிரோடு வந்து சேர்ந்தார். கைக்குழந்தையாயிருந்த பெரியம்மாவை வைத்துக்கொண்டு மூத்தம்மா அன்றிரவு அழுதாராம், சிரித்தாராம். மறுநாட் காலை போடியாரின் ஆள் கணக்கோடு வந்தான். விளைச்சல் போய்விட்டது, கடன் போகவில்லை. அதைத் தீர்க்க அடுத்த இரண்டு போகமும் மூத்தவாப்பா கூலியின்றி அந்த வட்டையிலேயே கிடந்தார். மூத்தம்மா காதிற் கிடந்த அல்லுக்குத்தை விற்றார், வீடுவீடாக நெற்குற்றினார். உரலடியில்தான் அந்தக் கவி பிறந்தது. இன்னும் எத்தனை மரைக்கால் கொடுபடவேண்டும் என்பதே கிளியிடம் அவர் கேட்ட கேள்வி.

பிரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரித்தது வினையுமன்று, பொருள்தேடலுமன்று, கடன். அதற்குத் தொல்காப்பியத்தில் நான் தேடிய துறை இல்லை.

2022 ஜூலை 28 இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் ‘எஞ்சாமி’ பாடப்பட்டபோது மேடையில் அறிவு இல்லை. சில நாட்களின் பின், அப்பாடலை இயற்றியதும் எழுதியதும் தாமே என்று அவர் பகிரங்கமாக எழுத நேர்ந்தது. அவருக்குரிய சிறப்பைத் தாங்கள் மறைக்கவில்லை என்று மற்றவர்கள் விடையிறுத்தனர். 2024 மார்ச்சில், தமக்கும் பாடியவர்களுக்கும் அப்பாட்டினால் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார். அவர்களுக்கிடையே தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், உரலடியில் பிறந்த பாட்டை எண்ணிப் பார்த்தேன். அங்கே அபகரித்தவர் யாரோ அல்லர், பேத்தி.

ஆய்வுக் கட்டுரையின் என் பிரதியை மடியில் வைத்து, “மூத்தம்மா, இதுல உங்கட பேரப் போடப் போறன்” என்றேன்.

“பேர் வேணாம் புள்ள.”

“ஏன்?”

“போடியார்ட பேரப்புள்ளையள் இந்த ஊர்லதான் இரிக்காங்க. அவங்கட புள்ளையளுக்குத்தான் நீ படிப்பிக்கிறாய்.” சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “மரைக்கால மட்டும் திருத்து.”

அந்த மூன்று பக்கங்களையும் பென்சிலால் வெட்டி, ஓரத்தில் 1957 வெள்ளத்தையும் வித்து நெல்லையும் எழுதிவைத்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள பிரதியில் அவர் இன்னும் மச்சானுக்காக ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறார். இங்கும் அவர் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் வேறு. அதை வாசகர் அறிவர்.

அடுத்த வாரம் கரும்பலகையில் ‘அறியப்படாதவை’ என்பதை அழித்துவிட்டு, ‘ஆக்கியோர் பெயர் எழுதப்படாதவை’ என்று எழுதினேன். அதே மாணவி மீண்டும் எழுந்தாள்.

“சோதினைக்கு எத எழுதுற டீச்சர்?”

அறியப்படாதவை என்றே எழுதச் சொன்னேன். புள்ளி அதற்குத்தான் கிடைக்கும்.