மூணாவது படம்

டெக் எடுத்தால் மூன்று படம். அதுதான் அன்றைக்குக் கணக்கு. சாயங்காலம் டிவியும் டெக்கும் வந்து இறங்கும், விடிந்து ஆறு மணிக்கு ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் மூன்று கேசட் ஓட்டிவிடலாம். எண்பதுகளில் எங்கள் ஒத்தக்கடையில் காதுகுத்தோ சடங்கோ புதுமனை புகுவிழாவோ, எதுவானாலும் முதல்நாள் ராத்திரி வாசலில் பந்தலுக்குக் கீழே டெக் ஓடினால்தான் அது விசேஷ வீடு.

முதல் படம் சாமி படம். 'திருவிளையாடல்' அல்லது 'ஆதிபராசக்தி'. முன்வரிசைக் கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டாவது எம்.ஜி.ஆர். படம், இல்லாவிட்டால் ரஜினி படம். அது பாதி ஓடும்போதே பிள்ளைகள் பாயில் சாய்ந்துவிடும், பெண்கள் மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார்கள். மணி இரண்டைத் தாண்டித் தொடங்குகிற மூணாவது படம் என்னவென்று யாரும் கேட்க மாட்டார்கள். கேசட் எடுக்கப் போனவர் எதைக் கொண்டுவந்தாரோ அதுதான்.

எங்கள் தெருவில் கேசட் எடுக்கப் போகிறவர் எப்போதும் காஜா அண்ணன்.

காஜா என்பது அவர் பெயரில்லை. டெய்லர் கடையில் காஜா எடுப்பவர். பட்டன் நுழைகிற ஓட்டையை வெட்டி, சுற்றிலும் நெருக்கமாக நூலால் கட்டுகிற வேலை. மேலூர் ரோட்டைப் பார்த்த சின்னக் கடை அது. உள்ளே மாஸ்டரும் இரண்டு மெஷினும், வெளித் திண்ணையில் இவர். மடியில் சட்டை, வாயில் ஊசி, எதிரே யானைமலை. மலை வெயிலில் ஒரு நிறமாகவும் மழையில் ஒரு நிறமாகவும் படுத்துக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டால் நான் அந்தத் திண்ணையில்தான் இருப்பேன்.

வாரம் ஒருமுறை நூல், பட்டன், லைனிங் துணி வாங்க மாஸ்டர் அவரை மதுரைக்கு அனுப்புவார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிய காலம். டெய்லர்களுக்கு வேண்டிய சகலமும் அங்கே கிடைக்கும். காலையில் டவுன் பஸ் ஏறினால் மத்தியானமே திரும்பிவிடலாம். காஜா அண்ணன் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். இடையில் ஒரு மேட்னி. சென்ட்ரலோ கல்பனாவோ தங்கமோ, எது வசதியோ அது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கத்தில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அவ்வளவு பெரிய அரங்கில் மத்தியான நேரத்தில் நூற்றுச் சொச்சம் பேரோடு உட்கார்ந்து படம் பார்ப்பது வயலுக்கு நடுவே தனியாக நிற்பது மாதிரி இருக்கும் என்பார். மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் திண்ணையில் கதை தொடங்கும். படத்தின் பெயரை முதலில் சொல்லவே மாட்டார். "ஒரு ஊரு. மழை பேஞ்சு விட்டிருக்கு. பஸ்ஸுல இருந்து ஒரு ஆளு எறங்குறான்..." என்றுதான் ஆரம்பம். கை தன்பாட்டுக்குக் காஜா கட்டிக்கொண்டிருக்கும். பின்னணி இசையும் அவரே. சோகம் வந்தால் ஊசி மெல்லப் போகும், சண்டை வந்தால் விறுவிறுவென்று ஓடும். சரியாக இடைவேளைக்கு ஒரு காஜா முடியும். நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பார். அடுத்த ஓட்டைக்கு நூல் கோக்கிறவரை நாங்கள் காத்திருக்க வேண்டும்.

கதை சொல்வதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "நீ படத்துக்குப் போகப் போறியா தம்பி?" என்று முதலிலேயே கேட்டுவிடுவார். போகிறேன் என்றால் வாயைத் திறக்க மாட்டார். "போய்ப் பாத்துட்டு வா, அப்புறம் பேசுவோம்." அவ்வளவுதான். போக முடியாதவனுக்கு மட்டும் டைட்டிலில் இருந்து வணக்கம் வரை முழுப்படமும் உண்டு. எனக்கு நிறையப் படங்களை முழுதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டு நிலவரம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அந்தத் திண்ணைக்கு இன்னொரு வழியாகவும் படங்கள் வரும். 1965-இல் தொடங்கிய விவசாயக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. பெல்பாட்டம் தைக்கக் கொடுத்த மாணவர்கள் சனிக்கிழமை ராத்திரி ரீகலில் பார்த்த இங்கிலீஷ் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே டிரையல் பார்ப்பார்கள். ரீகல் என்பது மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றம்தான். பகலில் வாசகசாலை, பொழுது சாய்ந்தால் சினிமா. காஜா அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பையன்களிடம் கதையைக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் தானும் போய்ப் பார்த்துவிட்டு, அவர்கள் கவனிக்காமல் விட்டதை அவர்களுக்கே எடுத்துச் சொல்வார். "அந்த அம்மா கோட்டுல ரெண்டாவது பட்டன் இல்ல, பாத்தீங்களா சார்? வறுமைய அங்க காட்டிட்டான்." மாணவர்கள் வாயடைத்து நிற்பார்கள். பட்டனைப் பார்க்க அவரைவிட யாருக்குத் தெரியும்.

ஒரு படத்தை நல்லாயிருக்கு என்று சொல்வது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. சொன்னவன் பேரும் அதில் அடங்கியிருந்தது. ஒருவன் பேச்சைக் கேட்டு இன்னொருவன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் காசு கொடுத்து மதுரைக்குப் போகிறான். படம் மோசமாக இருந்தால் திரும்பி வந்து கேட்பான். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு அத்தனை பலம். 1978-இல் 'முள்ளும் மலரும்' முதல் வாரங்களில் கூட்டமில்லாமல் கிடந்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே எழுந்த படம். 1980-இல் வந்த 'ஒரு தலை ராக'மும் அப்படித்தான். முகம் தெரிந்த நடிகர் யாருமில்லாத படத்தை மாணவர்கள் வாயாலேயே தூக்கி நிறுத்தினார்கள். டீக்கடை பெஞ்சிலும் பஸ் படியிலும் காஜா அண்ணன்கள் செய்த வேலை அது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் ஒரே ஒரு படத்தை மட்டும் அவர் சொல்ல மறுத்தார். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. 1979-இல் வந்தபோது மூன்று முறை பார்த்திருக்கிறார். எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தேன்.

"அது சொல்ற படம் இல்ல தம்பி. பாக்குற படம்."

"எங்கிட்டுண்ணே பாக்குறது? அது போய் எத்தனை வருஷமாச்சு?"

"வரும். வர்றப்பப் பாரு."

மகேந்திரனைப் பற்றி அவருக்கு ஒரு செய்தி தெரியும், அதை மட்டும் அடிக்கடி சொல்வார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போது, விழாவுக்கு வந்த எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவைக் குறை சொல்லிப் பேசியவர் அவர். அந்தப் பேச்சைக் கேட்டு மெச்சிய எம்.ஜி.ஆர்.தான் பிற்பாடு அவரைச் சினிமாவுக்கு அழைத்து வந்தார். "நெசத்த மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்காரு. அந்த மனுசனும் கோவிக்கல பாரு" என்று இரண்டு பேரையும் சேர்த்தே புகழ்வார்.

1986-ஆக இருக்க வேண்டும். மாஸ்டர் மகனுக்குக் காதுகுத்து. நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். சாமி படம் முடிந்தது, ரஜினி படம் முடிந்தது. பந்தலில் விழித்திருந்தவர்கள் ஐந்தே பேர். நான், என் சிநேகிதர்கள் இரண்டு பேர், மாஸ்டரின் அம்மா, காஜா அண்ணன். அவர் தன் துணிப்பையில் இருந்து மூணாவது கேசட்டை எடுத்தார். மற்ற இரண்டும் கடை உறையிலேயே இருந்தன. இதை மட்டும் ஒரு வெட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார்.

போட்டதும் திரை முழுக்கக் கோடு. அவர் பதறவில்லை. டெக்கின் மூடியைக் கழற்றி, வெள்ளைத் துணித் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, காஜா கட்டுகிற அதே நிதானத்தோடு ஹெட்டைத் துடைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. துணியில் கறுப்பாக ஒட்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது தடவை துணி வெள்ளையாகவே வந்தது. மூடியைப் போட்டு முடுக்கினார். படம் தெளிந்தது.

நாங்கள் நெருங்கி உட்கார்ந்தோம். சீக்காளி மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வீட்டுக்குள் குரல் உயர்த்தாமலே எல்லோரையும் நடுங்கவைக்கிற கணவன். அஸ்வினியின் அந்த முகம். விஜயன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசும்போதெல்லாம் மாஸ்டரின் அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கட்டையில போறவன், எப்டிப் பேசுறான் பாரு" என்று திட்டினார். அப்புறம் அவரும் அடங்கிவிட்டார். ஏதோ ஒரு இடத்தில் நான் தற்செயலாகத் திரும்பினேன். காஜா அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் காட்சி வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அது எங்கள் முகத்தில் எப்படி வந்து விழுகிறது என்று பார்க்கத்தான் அத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார்.

செய்யக்கூடாததையெல்லாம் செய்து முடித்த அந்த மனிதரை ஊர் திரண்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அப்போது கரண்ட் போனது.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. மலைக்குப் பின்னால் வெளுக்கத் தொடங்கிவிட்டது. ஆறு மணிக்கு முன்னாலேயே ஆள் வந்து டெக்கைக் கட்டி சைக்கிளில் வைத்துவிட்டான். கேசட் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது, அதோடேயே போய்விட்டது.

டீக்கடையில் உட்கார்ந்து, "முடிவ மட்டுமாச்சும் சொல்லுங்கண்ணே" என்றேன். டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். கையில் அன்றைக்கு ஊசியும் நூலும் இல்லை.

"ஊரே கரையில நிக்கிது தம்பி. அந்தாளு தண்ணிக்குள்ள எறங்கப் போறான். எல்லாரும் அவனையே பாக்குறாங்க. அந்தக் கூட்டத்துல ஒரு டெய்லரு. கழுத்துல இஞ்சி டேப்பு. அவரு மட்டும் ஆத்தப் பாக்கல. அந்த ரெண்டு பிள்ளைகளையும் கையப் புடிச்சு, அங்கிட்டுத் திருப்பி நிக்க வச்சிட்டாரு. தகப்பன் போறத அதுக பாக்கக்கூடாதுல்ல."

டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காதுகுத்துக்கு வாழைமரம் கட்டப் போய்விட்டார்.

தொண்ணூறுகளில் ரெடிமேட் சட்டை வந்து எங்கள் பக்கத்துத் திண்ணைகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தது. மாஸ்டர் கடையை மூடினார், காஜா அண்ணன் திருப்பூருக்குப் போனார். அங்கே காஜாவுக்கு மெஷின் இருந்தது. எனக்கு எப்போதாவது கார்டு எழுதுவார். நலம் விசாரிப்பு ஒரு வரி, படம் இரண்டு வரி. 1999 டிசம்பரில் வந்த கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'சேது'ன்னு ஒரு படம் வந்திருக்கு, கூட்டம் இல்லைன்னு எடுத்துருவான், வெரசா போய்ப் பாரு என்று எழுதியிருந்தார். வாங்க ஆளில்லாமல் கிடந்து வெளியான அந்தப் படம் பிறகு நூறு நாளைத் தாண்டி ஓடியது. நான் முதல் வாரமே பார்த்துவிட்டேன், அவர் தயவால். பதில் கார்டு போட்டேன். அதற்கப்புறம் இரண்டு கார்டுகள் வந்தன. பின்னே நின்றுபோயின. அவர் இறந்த செய்தி எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்றைக்குத் துணிக்கடை. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு எங்கள் ரோட்டின் முகமே மாறிவிட்டது. டெய்லர் கடைத் திண்ணையை இடித்து ஜெராக்ஸ் கடை கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒருமுறை நகல் எடுக்க நின்றபோது திரும்பிப் பார்த்தேன். மலையை மறைத்துக்கொண்டு மூன்று மாடிக் கட்டடம் நின்றது.

'உதிரிப்பூக்க'ளின் முடிவை நான் பார்த்தது டிவியில், பல வருஷம் கழித்து. ஆறு வந்தது. ஊர் வந்தது. கரையில் பிள்ளைகள் இருந்தார்கள். நான் கூட்டத்திலேயே கண்ணை வைத்திருந்தேன். கழுத்தில் டேப் போட்ட ஆள் யாருமில்லை. படம் முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று முறை அந்தப் படத்தைப் பார்த்தவர், மூன்று முறையும் அந்தப் பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டு வெளியே வர முடியாமல் தவித்திருக்கிறார்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். மேலூரில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போகும்போது, "அப்பா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?" என்று கேட்டாள். ஒத்தக்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். பெயரைச் சொல்லாமல் தொடங்கினேன். ஒரு ஊரு, ஒரு ஆறு, ஒரு வீடு. மேலூர் வந்தபோது ஆற்றங்கரைக்கு வந்திருந்தேன். முடிவையும் சொன்னேன்.

ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"பாத்துட்டேன்ப்பா. கடைசிய மட்டும் ரெண்டு தடவ பாத்துட்டேன். அந்த டெய்லர் எங்கப்பா?"