செல்ஃப் எடுக்காத வண்டி

எங்கள் தெருவில் எனக்கு ‘இஞ்சின் ஆஃப் சார்’ என்று பெயர். மருந்துக்கடைப் பையன்கள் கேலிக்கு வைத்தது. நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். நின்ற காரில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டை விட்டு இறங்கிப் போவேன். கண்ணாடியைத் தட்டுவேன். அணைக்கச் சொல்வேன். அணைக்கும்வரை நகர மாட்டேன். இப்படித் தட்டப் போய் ஒரு டிரைவரின் பிழைப்பைக் கெடுத்தேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. அவர் காரணத்தை என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

விழுப்புரம் சுற்றுவட்டார நோயாளிகள் வந்து இறங்கும் ஊர். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்துவிட்டது. ஆனாலும் ஊருக்குள் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. எங்கள் தெருவில் மட்டும் ஒரு ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனைக் கூடம், ஒரு டயாலிசிஸ் சென்டர். செஞ்சியிலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் உளுந்தூர்பேட்டையிலிருந்தும் மஞ்சள் போர்டு வண்டிகள் வந்து வரிசையாக நிற்கும். மரம் ஒன்றுகூடக் கிடையாது. சாக்கடை மூடியின்மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு டிரைவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். பலர் ஏசியைப் போட்டுக்கொண்டு இஞ்சினை ஓடவிட்டபடியே கிடப்பார்கள். புகை என் ஜன்னலுக்கு வரும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு பற்றிக்கொள்ளும் என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்ததும் தெரியும். நின்ற இடத்திலேயே ஏசியோடு ஓடும் கார் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிபொருளைக் குடித்துவிடும் என்பதும் தெரியும். இவை எல்லாம் உண்மை. உண்மை நம் பக்கம் இருக்கிறது, இனி எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன்.

யாரிடம் போய் நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய பேருந்து நிலையத்தில் பஸ்கள் உறுமிக்கொண்டே நிற்கும். அங்கே ஒரு டிரைவரிடமும் நான் வாய் திறந்ததில்லை. ஏர் இறங்கிவிட்டால் பிரேக் பிடிக்காது, வேலையைப் பார்த்துக்கொண்டு போங்க என்று பத்துப் பேர் எதிரில் சொல்லிவிடுவார்கள். அந்த பயம். ஒருமுறை கல்யாண மண்டப வாசலில் கட்சிக்கொடி கட்டிய பெரிய வண்டி ஒன்று முழு ஏசியில் நின்றது. உள்ளே ஆளே இல்லை. மொய்க்கவரைச் சட்டைப்பையில் தடவிக்கொண்டே அதைச் சுற்றிப் போனேன். கொடியைப் பார்த்ததும் டீசல் புகை எனக்கு மணக்கவில்லை போலும். என் தைரியம் முழுவதும் வாடகைக் கார் டிரைவர்களிடம்தான். திருப்பித் திட்ட அவர்களால் முடியாது. திட்டினால் வண்டிமேல் எழுதியிருக்கும் நம்பருக்கு நான் போன் போடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. சென்னைக்கு வாடகைக் காரில் போகும்போது திண்டிவனத்தில் காபிக்கு இறங்குவது எங்கள் வழக்கம். சாலையோரக் கடையில் நானும் மனைவியும் காபி குடித்துவிட்டு வரும்வரை, “வண்டி சூடாயிடும், ஏசி ஓடட்டும்பா” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனவன் நான்தான். ஒருமுறை அல்ல. அப்போதெல்லாம் எனக்கு ஹீமோகுளோபின் நினைவுக்கு வந்ததில்லை.

சட்டத்தையும் துணைக்கு அழைத்தேன். “இது சட்டப்படி குற்றம் தெரியுமா, ஃபைன் போடுவான்” என்பேன். எந்தச் சட்டம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன். எல்லாம் முடிந்த பிறகுதான் படித்துப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 126. பொது இடத்தில் நிற்கும் வண்டியின் டிரைவர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். அதாவது டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்களை இந்தப் பிரிவு தொடாது. தொடக்கூடியது மண்டப வாசலில் ஆளில்லாமல் நின்ற அந்தக் கொடி வண்டியை.

மனைவியின் இழுப்பையும் ஆயுதமாக்கினேன். அவளுக்கு மார்கழியில் லேசாக மூச்சிரைக்கும். “வீட்ல மூச்சு விட முடியாம கெடக்குறாங்க” என்று சித்திரையிலும் சொல்வேன். “ஏங்க, என் பேரைச் சொல்லி அந்தப் புள்ளைங்ககிட்ட ஏன் சண்டைக்குப் போறீங்க?” என்று அவள் கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அது கத்திரி வெயில் நாள். மத்தியானம். டயாலிசிஸ் சென்டருக்கு எதிரில் பழைய டீசல் கார் ஒன்று நின்றது. இஞ்சின் நடுங்கிக்கொண்டே ஓடியது. டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான்கு கண்ணாடிகளும் இறக்கியிருந்தன. ஏசி ஓடவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

இதை நான் பார்த்தேன். ஏசி இல்லாமல், வெயிலில் வெந்துகொண்டு, கைக்காசு டீசலை ஒருவர் எதற்காக எரிப்பார்? என்னிடம் படித்த சுமாரான மாணவன்கூட அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பான். எனக்குத் தோன்றவில்லை. மருந்துக்கடை வாசலில் பையன்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

“ஏம்ப்பா, எவ்ளோ நேரமா ஓடுது? ஆஃப் பண்ணு.”

“ஆஃப் பண்ணா செல்ஃப் எடுக்காது சார். பேஷன்ட் இப்ப வந்துடுவாங்க.”

“எல்லாரும் சொல்ற கதைதான் இது.”

“நெஜமாத்தான் சார். ஓனர்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

“ஓனர்கிட்ட நானே சொல்றேன்.”

பின்கண்ணாடியில் நம்பர் இருந்தது. போனை எடுத்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார். “வேணாம் சார். வேணாம் சார்” என்றார். உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது.

நான் கேட்டது நடந்துவிட்டது. அங்கேயே திரும்பியிருக்கலாம். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பரைப் போட்டேன்.

எடுத்தவர் என் குரலைக் கேட்டதும், “சார்! நான் உங்க ஸ்டூடண்ட் சார்” என்றார். எந்த வருடம், எந்த செக்‌ஷன் எல்லாம் சொன்னார். உச்சி குளிர்ந்துவிட்டது. இனி சாதாரணமாகச் சொன்னால் போதாது என்று தோன்றிவிட்டது. “உன் டிரைவர் என்னை எதிர்த்துப் பேசறான்ப்பா, மரியாதை இல்ல” என்றேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் சார் போட்டுத்தான் பேசினார். ஒருமையில் பேசியவன் நான். “நான் பாத்துக்கறேன் சார்” என்றார் மாணவர். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். படுத்துத் தூங்கிவிட்டேன்.

நான் தூங்கிய நேரத்தில் நடந்ததைப் பையன்கள் பிறகு சொன்னார்கள். டயாலிசிஸ் முடிந்து அந்த அம்மா வெளியே வந்தார். எழுபதை ஒட்டிய வயது. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரித்து நீரை இறக்கிய பிறகு பிரஷர் குறைந்து தலை சுற்றும், கால் பிடித்து இழுக்கும். உடனே படுக்க வேண்டும். கார் செல்ஃப் எடுக்கவில்லை. சென்டரின் படிக்கட்டில், சுடுகிற சிமென்ட்டில், அந்த அம்மாவை உட்காரவைத்து டிரைவர் தன் துண்டை விரித்துத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார். மருந்துக்கடைப் பையன்கள் வண்டியைத் தெருக்கோடிவரை தள்ளிக் கிளப்பியிருக்கிறார்கள்.

காரின் பேட்டரியை நான் வருடா வருடம் பாடமாக நடத்தியவன். ஒரு தகடு காரீயம், மறு தகடு லெட் டை ஆக்சைடு, நடுவே 38 சதவீத கந்தக அமிலம், அடர்த்தி 1.28. மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகட்டிலும் லெட் சல்பேட் படியும். ஆயுள் முடிந்த பேட்டரியில் அது முழுதாகத் திரும்பிக் கரையாது. கோடை வெப்பம் அதன் ஆயுளை இன்னும் குறைக்கும். இஞ்சின் ஓடினால்தான் சார்ஜ் ஏறும். நின்றால் மறுபடி இழுக்கத் தெம்பு இருக்காது. ஏசியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாரே, இருந்த கொஞ்ச தெம்பையும் அந்த அம்மா வரும்வரை காப்பாற்றத்தான். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாக நான் கொடுத்ததைத்தான் ‘செல்ஃப் எடுக்காது’ என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைக் கதை என்றேன். பேட்டரியை மாற்றித் தராத முதலாளியிடமே அவரைப் பற்றிப் புகாரும் சொன்னேன்.

சில வாரம் கழித்து மருந்துக்கடையில் அந்த அம்மாவின் மருமகளைப் பார்த்தேன். என்னை அவருக்குத் தெரியாது. கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தார். பழைய டிரைவரை நிறுத்திவிட்டார்களாம். “யாரோ ஒரு பெரியவரு போன் போட்டு மாட்டிவுட்டுட்டாராம்.” புது டிரைவர் வண்டியை விட்டு இறங்குவதில்லை. பழையவர் அத்தையைக் கைத்தாங்கலாக இறக்குவார். ஊசி குத்திய கை கதவுப் பக்கம் இடிபடாமல் பார்த்து உட்காரவைப்பார். தலைக்கு ஒரு தலையணை வீட்டிலிருந்து கொண்டுவந்து பின்சீட்டில் வைத்திருந்தார். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், இரண்டு பெண்கள் மட்டும் வீட்டில், அதனால் அவரை நம்பித்தான் வாரம் மூன்று நாள் வந்துபோனார்கள். புது ஆள் நேரத்துக்கு வராமல் டயாலிசிஸ் தவறிப்போய், அத்தைக்கு மூச்சுத்திணறி முண்டியம்பாக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

கடைப்பையன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெரியவர் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகுதான் மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நியூயார்க்கில் இஞ்சினை ஓடவிட்டு நிற்கும் லாரியை வீடியோ எடுத்துப் புகார் கொடுத்தால் அபராதத்தில் கால் பங்கு புகார் கொடுத்தவருக்கே. நான் அங்கே பிறந்திருந்தால் நல்ல வசதியாக இருந்திருப்பேன். ஹாங்காங்கில் 2011 முதல் சட்டம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால் 320 ஹாங்காங் டாலர் அபராதம். ஆனால் கடும் வெயில் எச்சரிக்கை விடுத்த நாளில் அந்தச் சட்டம் செல்லாது. வெயிலில் காரில் காத்திருப்பவனும் மனிதன் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கத்திரி வெயிலில் எங்கள் தெருவில் நிற்க ஒரு நிழல் உண்டா என்று நான் நகராட்சிக்கு ஒரு மனு எழுதியதில்லை. டிரைவர்கள் உட்கார ஒரு பெஞ்ச் போடுங்கள் என்று எதிரில் இருக்கும் சென்டரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதி இஞ்சின்கள் தாமாகவே நின்றிருக்கும். மனு எழுதுவதை வேடிக்கை பார்க்க யாரும் நிற்க மாட்டார்கள். அதனால்தான் எழுதவில்லை.

டிரைவரின் நம்பரைக் கடைப்பையனிடம் வாங்கினேன். வாங்கி வைத்துக்கொண்டு வெகுநாள் பேசவில்லை. பேசியபோது அவர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரவு ஷிஃப்ட். வீடு செஞ்சிப் பக்கமே இருக்கிறது. வாரம் ஒருநாள் வருகிறார்.

“எந்த சார்?” என்றார். விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஓ, அதுவா சார். உடுங்க சார்.”

நான் பொய் சொன்னதையும் சொன்னேன். எதிர்த்துப் பேசியதாக முதலாளியிடம் சொன்னது நான்தான் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பின்னால் வேன்காரர்கள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இருங்க வர்றேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, நிறுத்தியபோது ஒரு மாதச் சம்பளமும் பேட்டாவும் பாக்கி வைத்துவிட்டார்கள் என்றார். கேட்டதற்கு, கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்திருக்கிறது, அதில் கழிந்துவிட்டது என்றார்களாம்.

“நீங்க சொன்னா ஒருவேளை குடுப்பாரு சார். உங்க ஸ்டூடண்ட்டுதானே.”

சொல்கிறேன் என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. அந்தப் பணத்தை நானே என் கையிலிருந்து கொடுத்துவிடலாம். அதையும் யோசித்தேன். கொடுத்தால் மாணவரிடம் பேசாமல் தப்பிக்கலாம் என்பதற்காகத்தான் யோசித்தேன் என்பது தெரிந்ததும் விட்டுவிட்டேன். அந்தச் சாக்கில் இரண்டையும் செய்யாமல் இருக்கிறேன். மாணவரிடம் பேசினால், அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். பேட்டரியை மாற்றாதது உன் தப்பு என்றும் சொல்ல வேண்டும். ‘சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று நினைக்கிறவர் ஊரில் ஒருவராவது இருக்கட்டும் என்று உள்ளே ஒரு ஆசை. அதற்கு அந்த டிரைவரின் ஒரு மாதச் சம்பளம் விலை.

பொங்கலுக்கு மாணவர் போனில் வாழ்த்து அனுப்பியிருந்தார். கரும்பும் பானையும் போட்ட படம், கீழே டிராவல்ஸ் பெயரும் அதே நம்பரும். நானும் பதிலுக்கு வாழ்த்து அனுப்பினேன்.