அனுமதிப்பத்திரத்தில் இல்லாத நிபந்தனை

"நல்ல காரியம்தானே செய்யப் போகிறோம். இதற்கு ஏன் இத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டும்?"

எங்கள் தமிழ் மன்றக் கூட்டத்தில் ஒரு தோழி கேட்ட கேள்வி இது. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கல்லூரி நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் புதிய நூல்கள் வாங்கப் பணம் சேர்க்க வேண்டும். அதற்காக ஒரு சனிக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் இரவு 8 மணி வரை ஊர்ப் பொது மைதானத்தில் பழைய புத்தகச் சந்தையும் சிற்றுண்டிக் கடையும் நடத்தி, இறுதியில் ஒரு கவியரங்கோடு முடிப்பது எங்கள் திட்டம். மன்றச் செயலாளர் என்ற வகையில் அனுமதிகள் பெறும் வேலை எனக்கு வந்தது. பொறுப்பாசிரியை துணைக்கு நின்றார்.

முதல் அனுமதியை வீட்டில்தான் கேட்க வேண்டியிருந்தது.

"கல்லூரிக்குள்ளயே செஞ்சா என்ன மகள்? ஏன் வெளியில? அதுவும் எட்டு மணி வரைக்கும்?" என்றார் வாப்பா.

"புத்தகத்தைத் தேடி வராத ஆக்கள்ட்டத் தானே வாப்பா நாங்க கொண்டு போகணும்?" என்றேன்.

வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. இஷாவுக்குப் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்துதான் சம்மதம் சொன்னார். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டார் ஒருவர் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். அந்த நிபந்தனையையே நாங்கள் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிய சம்மதக் கடிதத்தில் சேர்த்துக் கொண்டோம். அதன் பின்பு மறுப்புச் சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை.

அடுத்தது பிரதேச சபை. அதிபரின் கடிதத்தோடு போனோம். மைதானத்துக்கு ஒரு வாடகையும், துப்புரவு செய்து ஒப்படைத்தால் திருப்பித் தரப்படும் வைப்புப் பணமும் கட்டச் சொன்னார்கள். "உள்ளே வர டிக்கட் உண்டா?" என்று எழுதுவினைஞர் கேட்டார். நுழைவு இலவசம் என்றோம். டிக்கட் விற்றுக் காட்சி நடத்தினால் களியாட்ட வரி என்று ஒன்று இருப்பதை அன்றுதான் அறிந்தோம்.

சிற்றுண்டிக் கடைக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்தோம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பெரிய ஹோட்டல்களுக்கு மட்டும் உரியதல்ல, விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு பட்டிஸுக்கும் கட்லட்டுக்கும் உரியது என்று அவர் விளக்கினார். யார் வீட்டில் எது சமைக்கப்படுகிறது, எத்தனை மணிக்குச் சமைக்கப்படுகிறது, எதனால் மூடி வைக்கப்படுகிறது, கை கழுவ எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வட்டிலப்பம் கொண்டுவரும் பிள்ளை அதைக் குளிராக வைத்திருக்க வழி செய்ய வேண்டும் என்றார். அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் எங்கள் கடைக்கு முன்னால் கையில் சில்லறையோடு நிற்கப் போகும் ஏதோவொரு சிறு பிள்ளைக்காகப் பேசுவதாகவே எனக்குப் பட்டது.

கடைசியாக ஒலிபெருக்கி. இதற்கு அனுமதி தருவது பொலிஸ் நிலையம். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. திகதி, நேரம், இடம், எத்தனை ஒலிபெருக்கிகள் என்ற விபரங்களை எழுதி, பிரதேச சபையின் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரி, "பத்து மணிக்கு மேல் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டோம் துவ" என்று சிரித்தார்.

அந்தப் பத்து மணிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. திரும்பி வரும் வழியில் ஆசிரியை அதைச் சொன்னார். வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கொன்று உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2007ஆம் ஆண்டு வழங்கப்பட்ட தீர்ப்பு அந்த ஒரு பள்ளிவாசலோடு நிற்கவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, ஓர் இடத்தின் எல்லையைத் தாண்டிச் செல்லும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு அனுமதியில்லை என்பது நாட்டுக்கே பொதுவான ஏற்பாடாயிற்று. விசேட சமய நிகழ்வுகளுக்கு விதிவிலக்குக் கோரவும் அதில் இடம் வைக்கப்பட்டது. ஒருவர் பேசுவதற்கு உரிமை இருப்பதுபோல, அதைக் கேட்காமல் இருப்பதற்கு மற்றவருக்கும் உரிமை உண்டு என்பதே அதிலிருந்து நான் விளங்கிக் கொண்டது.

வியாழக்கிழமை மாலை அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் ஆசிரியை, "மைதானத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார்.

ஏழு வீடுகள். ஆறு வீடுகளில் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். ஒரு வீட்டில் பழைய சஞ்சிகைக் கட்டொன்றும் கிடைத்தது. ஏழாவது வீட்டில் வயதான மூத்தம்மா ஒருவர் வாசலுக்கு வந்தார். உள்ளே அவருடைய கணவர் நோயாளியாகப் படுத்திருந்தார்.

"மகள், இவருக்கு ராவெல்லாம் நித்திர இல்ல. மஃரிபுக்குப் பொறகுதான் கொஞ்சம் கண்ண மூடுறார். அந்த நேரம் மட்டும் சத்தத்தக் கொறச்சுக்கோங்க."

கவியரங்கு மஃரிபுக்குப் பின்னர்தான் இருந்தது.

அன்றிரவு தோழிகளுக்கிடையே விவாதம் நடந்தது. "பொலிஸே எட்டு மணி வரைக்கும் தந்திருக்கே, நாம என்ன சட்டத்த மீறியா செய்யப் போறோம்?" என்றாள் ஒருத்தி. "மைக் இல்லாமப் பின்னால இருக்கிற ஆக்களுக்கு எப்பிடிக் கேட்கும்?" என்றாள் இன்னொருத்தி. இரண்டு மாதமாகக் கவிதை மனனம் செய்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கவலை சிறியதல்ல.

சட்டப்படி எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தியவருக்கு அந்த வீட்டின் நோயாளியைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். பிறர் வீட்டு வாசலில் நின்று மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாங்கள். நாங்கள் வாசலில் நின்றால்கூட எங்கள் சத்தம் சுவரைத் தாண்டி உள்ளே போய்விடும் அல்லவா? நான் இதைச் சொன்னபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மைக் கேட்டவளே, "அப்ப கதிரைகள அரைவட்டமாப் போடுவோம். கிட்ட இருந்தாக் கேட்கும்" என்றாள்.

அப்படியே செய்தோம். மஃரிப் பாங்கோடு ஒலிபெருக்கி நின்றது. தொழுகைக்குப் பின் மக்கள் கதிரைகளை நெருக்கிப் போட்டு அமர்ந்தார்கள். பின்வரிசைக்குக் கேட்காது என்பதால் சிறுவர்கள் முன்னால் வந்து பாயில் இருந்தார்கள். கவிதை வாசித்தவர்கள் குரலைக் கூட்டவில்லை, கேட்டவர்கள்தான் தங்கள் பேச்சை நிறுத்திக் கொண்டார்கள். கல்லூரி மண்டபத்தில் மைக் வைத்து நடத்திய எந்தக் கவியரங்கிலும் நான் அவ்வளவு அமைதியைக் கண்டதில்லை.

ஞாயிறு காலை மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அந்த மூத்தம்மா வேலியருகே வந்தார்.

"அவர் நல்லா உறங்கினார், அல்ஹம்துலில்லாஹ். நான்தான் வேலியடியில நின்டு கேட்டுக்கொண்டிருந்தன். கடைசிப் புள்ளட கவி மட்டும் சரியாக் கேக்கல்ல."

அந்தக் கடைசிப் பிள்ளை துடைப்பத்தை வைத்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தன் கவிதையை மறுபடி சொன்னாள்.

இன்று எங்கள் நூலக அலுமாரியில் இரண்டு தட்டுகள் புதிய தமிழ் நூல்களால் நிறைந்திருக்கின்றன. வைப்புப் பணமும் திரும்பக் கிடைத்தது.

இனி இப்படியொரு நிகழ்வை நடத்தப் போகும் தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். வேலையைக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள், ஏனெனில் ஓர் அலுவலகத்தின் கடிதத்தை அடுத்த அலுவலகம் கேட்கும். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் திகதி முத்திரையிட்ட ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். நேரத்தையும் இடத்தையும் எல்லாக் கடிதங்களிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்த பிறகு, அதை எடுத்துக்கொண்டு அயல் வீடுகளுக்கு ஒருமுறை நடந்து வாருங்கள். எவ்வளவு செய்யலாம் என்பதை அந்தத் தாள் சொல்லும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்த வாசல்களில்தான் கேட்டறிய வேண்டும்.