கரையாம்புத்தூரின் ஒரே தேர்தல்

லண்டனில் ஹாரோ என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. 2022 மே 5ஆம் தேதி அங்கே கவுன்சில் தேர்தல் நடந்தது. மொத்தம் 55 இடம். கன்சர்வேடிவ் கட்சிக்கு 31, லேபருக்கு 24. புதுச்சேரியில் பாகூர்ப் பக்கத்துக் கரையாம்புத்தூரில் கிடக்கிற எனக்கு இந்தக் கணக்கு எதற்கு? வேலைக்காக அங்கே போன என் அக்கா மகன் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தான். அவனுடையது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் முறையான அனுமதியோடு அங்கே குடியிருக்கிற காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு இங்கிலாந்தில் ஓட்டு உண்டு. வார்டு வாரியாக யார் எத்தனை வாங்கினார்கள் என்ற பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கேட்டான்: "மாமா, நம்ம ஊர்ல கடைசியா எப்ப இப்படி ரிசல்ட் வந்துச்சு?"

"2006" என்று போட்டேன்.

"அதுக்கு முன்னாடி?"

அவனுக்கு ஓட்டு வயது வந்தபோது எங்கள் பஞ்சாயத்தின் பதவிக்காலம் முடிந்து போயிருந்தது. பிறந்த ஊரில் ஒரு வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே கிடைக்காதவன், கடல் தாண்டிப் போய்த் தேர்ந்தெடுத்திருக்கிறான். அவனுடைய இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர்கள் யாரைக் கேட்டாலும் 'பஞ்சாயத்துத் தேர்தல்' என்று சொல்லவில்லை. "மேர் எலக்சனா? அது நடந்துச்சு, நாங்க சின்னப் பசங்க" என்றார்கள். பாகூரில் மேர், அதாவது பிரெஞ்சு முறை நகரத் தலைவர், இருந்தார், இடுப்பில் பட்டை கட்டுவார், கல்யாணம் எழுதுவார், பிறப்பு இறப்பு எழுதுவார். கரையாம்புத்தூருக்கென்று தனித் தலைவர் இருந்தாரா என்று கேட்டால், நாட்டாமை இருந்தார் என்று பதில் வந்தது. நாட்டாமையை யாரும் ஓட்டுப் போட்டு வைக்கவில்லை. நாட்டாமையின் கூட்டத்தில் சேரிக்காரர்களுக்கு உட்கார இடமும் இல்லை. அதனால் அந்தத் தடத்தை அங்கேயே விட்டுவிட்டு, மேர் வந்த வழியில் போனேன்.

அந்த வழி புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கொஞ்சம் கிடைத்தது. சிரில் ஆந்தோனி 1982இல் தொகுத்த புதுச்சேரி விவரச்சுவடியின் (கெசட்டியர்) தடித்த இரண்டு பகுதிகளில் நிறையவே கிடைத்தது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் பாரிஸ் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய ஆண்டு மலர்களையும் புரட்டலாம். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அடையாளம் காண அது போதும்.

தொடக்கம் 1880 மார்ச் 12. அன்று பாரிஸில் பிறந்த ஓர் ஆணை, பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன் என்ற பத்து உள்ளாட்சி வட்டங்களாகப் பிரித்தது. புதுச்சேரிப் பகுதிக்கு நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். பிரிட்டிஷ் இந்தியாவில் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தது 1882 மே மாதம். ஆக, எல்லைக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரனுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே பாகூருக்கு மேரும் கவுன்சிலும் வந்துவிட்டன. 1907இல் கொம்யூன்கள் பதினேழாயின. நெட்டப்பாக்கமும் திருபுவனையும் அரியாங்குப்பமும் முதலியார்பேட்டையும் தனித்தனியாகப் பிரிந்தன. பாகூர் பாகூராகவே நின்றது.

பெருமைப்பட்டுக்கொள்ளலாமா என்று மேலே படித்தால், வாக்காளர் பட்டியல் வந்து குறுக்கே நிற்கிறது. ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு வேறொன்று. 1881 செப்டம்பர் 21இல் வந்த ஆணைப்படி இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' ஆனார்கள். நீதிமன்றத்துக்கு ஷூ போட்டுக்கொண்டு போய் வழக்கில் மாட்டி, பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாபோர்த் என்று குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டது இந்த வழியில்தான். 1884இல் துறந்தவர்களுக்கென்று மூன்றாவது பட்டியல் போட்டார்கள். 1899இல் அதைக் கலைத்து மறுபடி இரண்டாக்கினார்கள். கொஞ்சம் பேரான ஐரோப்பியரின் கைக்கும், ஆயிரக்கணக்கான நம்மவர் கைக்கும் ஒரே எடை கிடைக்கத்தான் இத்தனை ஏற்பாடும். பிரெஞ்சுக்காரன் சமத்துவம் கொண்டுவந்தான் என்று புதுச்சேரியில் மேடைக்கு மேடை கேட்கிறோம். அந்தப் பட்டியல்களை ஒரு தடவை பார்த்தவர் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்.

இந்தியர் பட்டியலும் இந்தியர் கையில் இல்லை. சண்முக வேலாயுத முதலியார் என்ற ஒருவர் ரெனோன்சான்களுக்கு எதிரான பழமைக் கட்சியை நடத்தி, இருபது முப்பது ஆண்டுகள் யார் ஜெயிக்கலாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தார். அடியாள், கள், காலியாக வந்து நிறைந்து போகும் பெட்டி, எல்லாம் அந்தக் காலத்துச் சங்கதிகள். பிரெஞ்சிந்தியத் தேர்தல் என்றாலே தடியடி என்று பேர் வாங்கியிருந்தது. பாகூர்ப் பக்கத்துக் குடியானவன் எவனாவது தன் இஷ்டத்துக்கு ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் பட்டியல் பிரிவினை ஒழிந்தது, பெண்களுக்கும் ஓட்டு வந்தது. என் தேடலில் நான் மிகவும் நின்று படித்தது இதற்கு அடுத்த எட்டு ஆண்டுகளைத்தான்.

1946 நகரவைத் (கொம்யூன் கவுன்சில்) தேர்தலில் வ. சுப்பையா முன்னின்ற தேசிய ஜனநாயக முன்னணி அள்ளிக்கொண்டு போனது. இரண்டே வருஷத்தில், 1948 அக்டோபரில், எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி அதே கொம்யூன்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த 1948 தேர்தல் சாக்கடை, தெருவிளக்குக்கான தேர்தலாக நடக்கவில்லை. இந்தியாவோடு சேருவதா பிரான்சோடு இருப்பதா என்று மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும், அதை எப்போது எப்படி நடத்துவது என்பதை நகரவைகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று இந்தியாவும் பிரான்சும் அந்த ஜூன் மாதம் ஒப்புக்கொண்டிருந்தன. ஆகவே கவுன்சிலைப் பிடித்தவன் கையில் தேசமே இருந்தது. குபேர் கட்சி பிரான்சின் அரவணைப்பில் இருப்போம் என்ற பக்கம் நின்று ஜெயித்தது. அப்புறம் 1954 மார்ச் 18ஆம் தேதி, அதே கட்சியின் மேர்களும் கவுன்சில்களும் திரும்பி நின்று, ஓட்டெடுப்பே வேண்டாம், நேராக இந்தியாவோடு இணையுங்கள் என்று தீர்மானம் போட்டன. பிரெஞ்சு நிர்வாகம் குபேர் மீது விசாரணையைக் கிளப்பியதுதான் இந்த மனமாற்றத்துக்குக் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. மார்ச் 31இல் அவர் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். எங்கள் பக்கத்துக் கொம்யூன் அது.

இந்த மூன்று முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். எட்டு வருஷத்தில் ஒரே கிராமத்து ஜனம் இரண்டு தடவை மனம் மாறியதாக என்னால் நம்ப முடியவில்லை. மேர் அலுவலகத்தைப் பிடித்தவன் பக்கம் பெட்டி சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கவுன்சிலர்களுக்குக் கிடைத்த அதிகாரம் சாமானியமில்லை. 1946ஆம் வருஷத்துப் பிரெஞ்சு அரசியல் சட்டம், மக்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பகுதியையும் கைமாற்றக் கூடாது என்றது. நேரடி ஓட்டெடுப்புக்கு டெல்லி இசையவில்லை. கடைசியில் மக்களுக்குப் பதிலாக அவர்களுடைய பிரதிநிதிகளைக் கேட்பது என்று உடன்பாடானது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, வில்லியனூர்ப் பக்கத்தில் கீழூர் என்ற சின்ன ஊரில், புதுச்சேரி காரைக்கால் பகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் நகரவைக் கவுன்சிலர்களுமாக 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. பிரெஞ்சுக் கொடி இறங்கியதற்குக் கணக்குப் பார்த்தால், பாகூர் கவுன்சிலர் போட்ட ஓட்டும் அதில் ஒரு பங்கு.

இந்தியாவுக்குள் வந்த பிறகு அந்தக் கவுன்சில்களுக்கு என்ன ஆனது? 1968இல் ஒரு நகரவைத் தேர்தல் நடந்தது. பெரியவர்கள் நினைவில் வைத்திருந்த 'மேர் எலக்சன்' அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1973இல் இரண்டு சட்டங்கள் வந்தன, ஒன்று நகராட்சிகளுக்கு, ஒன்று கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு. 1974 குடியரசு தினத்தன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டங்களோடு மேர் பதவி போயிற்று. கொம்யூனுக்குக் கீழே கிராமப் பஞ்சாயத்து என்று ஓர் அடுக்கு முதன்முறையாகக் காகிதத்தில் வந்தது. தேர்தல்தான் வரவில்லை. அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். 1968க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். நடுவில் 38 வருஷம். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் அமலுக்கு வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று சொல்லியும் 13 வருஷம் கடந்திருந்தது.

என் மருமகனின் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. பிரெஞ்சுக்காலத்தில் கரையாம்புத்தூருக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. பாகூர் கொம்யூன்தான் கடைசிப் படி. கிராமப் பஞ்சாயத்து 1974இல் சட்டத்தில் பிறந்து 2006இல்தான் மக்களிடம் வந்தது. 2011 ஜூலையில் அதன் காலம் முடிந்தது. அதற்கு முன்னால் என்ன என்று கேட்டாயே, முன்னால் ஒன்றும் இல்லை. இந்த ஊர் தன் பஞ்சாயத்துத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு முறை.

அந்த 2006 தேர்தலில் நானும் வரிசையில் நின்றேன். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு, தாழ்த்தப்பட்டோருக்குத் தனி ஒதுக்கீடு. நாட்டாமைக் காலத்தில் தள்ளி நின்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஐந்து வருஷத்தில்தான். தண்ணீர் வரவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது; திட்டவும் ஒரு ஆள் இருந்தார். பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை.

அதன் பிறகு நடந்தது நீதிமன்றக் கதை. 2018இல் உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்தச் சொன்னது. 2021 செப்டம்பரில் அறிவிப்பும் வந்தது. அக்டோபரில் மூன்று கட்டமாக ஓட்டுப்பதிவு என்றார்கள். இட ஒதுக்கீட்டுச் சுழற்சியில் பிழை என்று வழக்குப் போய் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு மறுபடி அறிவித்தார்கள். கட்சிகள் கொதித்தன, தேர்தல் நின்றது. ஒதுக்கீட்டுக்குக் கணக்கெடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சசிதரன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். அதே அக்டோபர் 6, 9 தேதிகளில் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களில் ஊராட்சித் தேர்தல் நடந்து, 12ஆம் தேதி முடிவும் வந்துவிட்டது. எங்கள் புதுச்சேரி துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பாகூருக்கு பஸ்ஸில் போகிற வழியிலேயே தமிழ்நாடு வந்து போகும். அப்போது அங்கே சுவரெல்லாம் பூட்டு சாவி, சீப்பு, கட்டில் என்று சின்னங்கள். இங்கே வெறும் சுண்ணாம்பு. தமிழ்நாட்டையும் ஒரேயடியாகப் புகழ முடியாது. 2016இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் அங்கே மற்ற மாவட்டங்கள் பலவற்றில் 2019 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அப்போது ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்களைத்தான் உட்கார வைத்தார்கள்.

காரணம் ஒதுக்கீட்டுக் கணக்குதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுமார் பத்து லட்சம் வாக்காளர்களுக்குப் புதுச்சேரியில் முப்பது எம்.எல்.ஏ.க்கள். ஒருவருக்கு முப்பதாயிரம் சொச்சம். தமிழ்நாட்டில் இந்த அளவுக்கு ஓர் உள்ளாட்சித் தலைவர்தான் பதில் சொல்வார். இங்கே எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கும் வருவார், கருமாதிக்கும் வருவார், தெருக்குழாய்க்கும் அவரே. அந்த இடத்தில் இன்னொருவர் ஓட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த தேர்தலில் எதிரே நிற்கப்போவது அவர்தான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தேர்தல் தள்ளிப்போனதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 1948இல் கவுன்சிலின் பலத்தைப் பார்த்துப் பயந்த அரசியல்வாதி அதைப் பிடிக்கப் பார்த்தான். பிற்காலத்தவர்களுக்கு அது இல்லாமல் இருப்பதே சௌகரியமாகிவிட்டது.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா தன் பெஞ்சிலிருந்து திரும்பினார். "எனக்கு ரிசல்ட்டு குறைச்சலே இல்ல தம்பி" என்றார். 2014இல் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான கவுன்சிலர் தேர்தல், 2022 ஏப்ரலில் ஜனாதிபதித் தேர்தல், எல்லாவற்றுக்கும் புதுச்சேரிக்குப் போய்ச் சீட்டுப் போட்டு வந்திருக்கிறார். அவரும் நானும் ஒரே தெரு. கொம்யூன் ஆபீசில் சாக்கடை பற்றி மனுக் கொடுக்க வேண்டியது இருந்தது. ஆணையர் எப்போது இருப்பார் என்று அவர் என்னிடம் கேட்டார்.