கபினி திறந்தால்

தஞ்சைப் பக்கத்தில் ஜூலை பிறந்தால் எல்லோர் வாயிலும் கபினிதான். வயநாட்டில் மழை பிடித்துவிட்டதா, அணை நிரம்பியதா, எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பேப்பரை விரித்ததும் தேடுவோம். ஐம்பதாயிரம் என்று போட்டிருந்தால் டீக்கடையில் முகங்கள் தெளியும். மேட்டூர் ஏறும், கடைமடைக்குத் தண்ணீர் வரும், குறுவை தப்பித்துக்கொள்ளும். அந்தக் கணக்கைக் கேட்டே வளர்ந்த நான், பிழைப்புத் தேடிக் கன்னட நாட்டுக்கு வந்து நஞ்சன்கூட்டில் குடியமர்ந்தேன். அதே எண் காதில் விழுந்ததும் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றுகிறவர்களை இங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நஞ்சன்கூடு மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், கபினிக் கரையிலேயே இருக்கிறது. ஊரார் ஆற்றைக் கபிலை என்பார்கள். ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் முழுக்குப் போடும் ஆற்றோரத்தில் பதினாறுகால் மண்டபம் ஒன்று உண்டு. அதன் தூண்களில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தாழ்வான தெருக்காரர்கள் அன்றிரவு தூங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பீச்சனஹள்ளி அருகே 1974இல் கட்டி முடித்த கபினி அணை 19.52 டி.எம்.சி. தண்ணீர்தான் கொள்ளும். கிருஷ்ணராஜசாகர் (கே.ஆர்.எஸ்.) அணை கொள்வது 49.45, மேட்டூர் 93.47. மேலே அத்தனை பெரிய மழைக்காடு, கீழே இத்தனை சின்ன அணை. வயநாட்டில் நான்கு நாள் விடாமல் கொட்டினால் மதகைத் திறப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 2018 ஆகஸ்டிலும் 2019 ஆகஸ்டிலும் அதுதான் நடந்தது. 2019இல் திறந்துவிட்ட நீர் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. மைசூர் நெடுஞ்சாலை மூழ்கி, போக்குவரத்து நின்றது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டவர்களைச் சாலியாறு மேற்கே கொண்டுபோனது. அதே மழையின் இன்னொரு பங்கு கிழக்கே திரும்பி, கபினி வழியாக எங்களிடம் வந்தது.

தண்ணீரில்லாமலும் ஒரு பேரிடர் வந்தது. 2020 மார்ச் 26 அன்று இங்குள்ள மருந்துத் தொழிற்சாலை ஊழியர் ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. அவர் வெளிநாடு போய்வந்தவர் இல்லை. சில வாரங்களில் அந்த ஒரு தொடர்பிலேயே எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பரவியது. தொற்று எப்படி வந்தது என்று ஆராய ஹர்ஷ் குப்தா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை அரசு நியமித்தது. மே மாதம் மைசூர் மாவட்டத்தில் சிகிச்சையில் இருந்த எல்லோரும் குணமாகி வீடு திரும்பினார்கள். அந்த வாரங்களில் எங்கள் தெருவுக்குள் வந்தவர்கள் ஆஷா பணியாளர்களும், தெரு கூட்டும் பௌரகார்மிகர்களும், குழாயில் தண்ணீர் விடுகிற வாட்டர்மேனும்தான். முகக்கவசத்தை எப்படிக் கழற்ற வேண்டும், கையுறையை எங்கே போட வேண்டும் என்பதையெல்லாம் வேலையில் இறங்கிய பிறகே கற்றுக்கொண்டதாக அவர்கள் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் பிழைத்தது துணிச்சலால். துணிச்சலை நம்பி ஓர் ஊரை விட்டுவிடக் கூடாது.

இதில் என் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பயிற்சிக்குப் பஞ்சமான மாவட்டம் இல்லை இது. கர்நாடக அரசு அதிகாரிகளுக்கான நிர்வாகப் பயிற்சி நிறுவனம் மைசூரில் லலிதமகால் சாலையில்தான் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைக்கென்றே அதற்குள் ஒரு மையம் இயங்குகிறது. நகராட்சி ஊழியர்களுக்கான மாநில நகர மேம்பாட்டு நிறுவனமும் மைசூரில்தான், பஞ்சாயத்துக்காரர்களுக்கான அப்துல் நசீர் சாப் ஊரக வளர்ச்சி நிறுவனமும் மைசூரில்தான். நசீர் சாப் நஞ்சன்கூட்டுக்கு அடுத்த குண்டுலுப்பேட்டைக்காரர். ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது கிராமம் கிராமமாக ஆழ்குழாய்க் கிணறு போட்டதால் மக்கள் அவரை ‘நீர் சாப்’ என்றே அழைத்தார்கள். சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, தன் அதிகாரிகளும் ஊழியர்களும் பேரிடர்ப் பயிற்சி பெற்றிருப்பதை உறுதி செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம்தான் ஒப்படைக்கிறது. பயிற்சி என்பது உள்ளாட்சியின் கடமை.

2025இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்தார்கள். நல்ல காரியம். மைசூருக்குக் கிடைக்கும். ஐம்பதாயிரம் பேர் வாழும் நஞ்சன்கூடு வெறும் நகரசபை, அதனால் அந்த வரம்புக்குள் வராது. ஆனால் ஆறு முதலில் ஏறுவது இங்கே.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். களத்தில் ஒரு தளபதி இருக்க வேண்டும், அவருக்குக் கீழே செயல்பாட்டுக்கு ஒரு பிரிவு, திட்டமிட ஒரு பிரிவு, பொருள் திரட்ட ஒரு பிரிவு. முறை சரியானதே. ஆனால் சின்ன ஊரில் இந்த நான்கு நாற்காலிக்கும் ஆள் ஏது? ஆணையர், பொறியாளர், சுகாதார ஆய்வாளர் என்று இரண்டு மூன்று பேரே எல்லாமாக இருப்பார்கள். அவர்களும் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்த கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். கற்றது அவர்களோடு பெட்டி படுக்கை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ஊரில் தங்குகிறவர் வாட்டர்மேன். எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் புகும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவி இருக்கிறாள் என்பதை அறிந்தவரும் அவரே. பயிற்சி அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

எப்படிப்பட்ட பயிற்சி? இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். அணையிலிருந்து போன் வருகிறது, அறுபதாயிரம் கன அடி திறக்கப்போகிறார்கள். போனை எடுத்தவர் அடுத்து யாரை எழுப்புவார்? எந்த டிரான்ஸ்பார்மரை முதலில் அணைக்க வேண்டும், அதற்கு உத்தரவு யார் கொடுப்பது? முகாமாக்க வேண்டிய பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? ஆற்றங்கரை நீரேற்று நிலையம் மூழ்கினால் குடிதண்ணீர் லாரி எந்த ஊரிலிருந்து வரும்? ஆணையர் விடுப்பில் இருந்தால் டீசலுக்குக் கையெழுத்துப் போடுவது யார்? டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை, நிறைமாதக்காரிகளை எப்படி மைசூருக்கு அனுப்புவது, நெடுஞ்சாலையே மூழ்கிக் கிடக்கும்போது? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருமுறையும், தெருவில் இறங்கி ஒருமுறையும் இதைச் செய்துபார்த்தால் ஓட்டைகள் தாமாகத் தெரிந்துவிடும். 1923 பூகம்பத்தின் நினைவாக ஜப்பானில் 1960 முதல் செப்டம்பர் 1ஆம் தேதியைப் பேரிடர்த் தடுப்பு நாளாக அறிவித்து, ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துகிறார்கள். நமக்கு ஜூன் முதல் வாரம் போதும்.

இந்த ஊருக்கு அது புதிதாகவும் இருக்காது. பங்குனியில் நடக்கும் தொட்ட ஜாத்திரை என்ற தேர்த்திருவிழாவில் ஐந்து தேர்கள் ஒரே நாளில் ஓடும். லட்சக்கணக்கான ஜனம் கூடும். வடம் பிடிப்பவர், கட்டை போடுபவர், மின்கம்பியைக் கழற்றுபவர், தண்ணீர்ப் பந்தல், ஆம்புலன்ஸ், போலீஸ் என்று ஒவ்வொருவருக்கும் இடம் குறித்துவைத்திருப்பார்கள். பெரிய தேர் திரும்பும் முனையில் ஒருவர் குரலுக்கு அத்தனை பேரும் கட்டுப்படுவதை நான் வியந்து பார்த்திருக்கிறேன். வழிகாட்டுதல் புத்தகம் கேட்கும் தளபதி முறை, இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதுதான். பயிற்சி தருகிறவர்கள் அந்தத் தேர்முனையிலிருந்து பாடத்தைத் தொடங்கட்டும்.

வந்து குடியேறியவனாக நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்கால இரவில் மைக் கட்டிய ஆட்டோ எங்கள் தெருவில் போனது. கன்னடம் எனக்குப் பேச வரும், ஆனாலும் மழைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி, “அண்ணா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காளஜி கேந்திரத்துக்குக் கிளம்புங்கள்” என்று சொன்ன பிறகே எங்களுக்கு நிலவரம் புரிந்தது. காளஜி கேந்திரம் என்றால் நிவாரண முகாம். பின்சந்தில் தொழிற்பேட்டை வேலைக்காக வந்திருந்த ஒடிசா, பீகார்ப் பையன்களுக்கு அப்படித் தட்டிச் சொல்ல ஆளில்லை. நானும் அந்த அம்மாவும் போய் எழுப்பினோம். வாடகை மலிவு என்பதால் வெளியூர்க்காரர்கள் சேர்வது எங்கும் தாழ்வான பகுதிகளில்தான். வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது, ரேஷன் பட்டியலிலும் இருக்காது. வெள்ளம் பட்டியல் பார்த்து வருவதில்லையே.

2004 சுனாமியன்று புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் ஊர் தப்பிய விதம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து ஊருக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அங்கே நடத்திய கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அன்றாடம் அலை உயரமும் காற்றும் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி. அதில் எச்சரிக்கை விடுத்ததும் ஊரே வெளியேறியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மிஞ்சின. அயலூரில் இருந்தவரின் ஒரு போனும், ஊரில் தயாராக இருந்தவர்களின் பழக்கமும் சேர்ந்ததால் நடந்தது அது.

அயலூரில் வாழும் தமிழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆற்றங்கரையோ கடற்கரையோ, நீங்கள் குடியிருக்கும் ஊர் எதுவானாலும், இந்த மழைக்கு முன் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்க் கடைசி ஒத்திகை எப்போது நடந்தது என்று கேளுங்கள். இந்தியாவில் அதைக் கேட்க 41ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. நடக்கவில்லை என்றால் நடத்தச் சொல்லுங்கள். உங்கள் சந்தில் யார் யார் இருக்கிறார்கள், என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி உங்கள் வார்டு வாட்டர்மேனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.