டைல்ஸ் கடையில் ஒரு செம்புத் தண்ணீர்

திருப்போரூரில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். செங்கல், கம்பி, சிமெண்ட் எதற்கும் என்னையும் மனைவியையும் யாரும் கேட்கவில்லை. தரை என்று வந்ததும் வீடே கட்சி பிரிந்துவிட்டது.

இடித்த வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. ரெட் ஆக்ஸைடு பொடியைச் சிமெண்டில் கலந்து, கொத்தனார் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, தண்ணீர் கட்டி வைப்பார். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். சித்திரை வெயிலில் பாய்கூட இல்லாமல் அதில் படுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். விரிசல் விட்டால் மட்டும் அதே நிறத்தில் ஒட்டுப் போட முடியாது. அந்த வேலை தெரிந்த கொத்தனாரும் இப்போது லேசில் அகப்படுவதில்லை.

எனக்கு ஆத்தங்குடி டைல்ஸ் மேல் ஆசை. கண்ணாடித் தகட்டில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள், சூளையே கிடையாது. "புளித்தண்ணி சிந்தினா கறை போகாதே மாமா" என்றாள் மருமகள். வாஸ்தவம்தான்.

மகன் காட்டியது மோர்பியிலிருந்து வந்த விட்ரிஃபைடு டைல்ஸ். நாலுக்கு இரண்டடி, வெள்ளை வெளேரென்று கண்ணாடி மாதிரி. அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் கறை பிடிக்காது. சிந்திய தண்ணீரும் அப்படியே மேலே நிற்கும். வெள்ளையில் நம் கண்ணுக்குத் தெரியாது.

என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைப் பையனிடம் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டாள். டைல்ஸைக் கீழே போடச் சொல்லி, தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். கால் சர்ரென்று போயிற்று. மகன் ஓடிவந்து பிடித்தான். அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. மேட் ஃபினிஷ் ஒன்றில் நின்றாள், கால் நின்றது. அதையே எடுத்தோம்.

குளியலறைக்கு இன்னும் சொரசொரப்பாக வேண்டும். ஆர் 9 முதல் ஆர் 13 வரை வழுக்காமைக்குத் தர எண் உண்டு, கேட்டு வாங்குங்கள். எண் கூடினால் பிடிப்பும் கூடும். அங்கே சின்ன டைல்ஸே நல்லது, வாட்டம் சரியாக வரும். விட்ரிஃபைடை வெறும் சிமெண்டில் ஒட்டினால் பிடிக்காது, அதற்கென்று பசை இருக்கிறது. பதித்தபின் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பூஜை அறைக்கு மட்டும் ஆத்தங்குடி. எண்ணெய் சிந்தினாலும் அதற்கு மெருகுதானே! எந்தப் பூ டிசைன் என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.