பழி நண்டின் மேல்

நல்லூர்த் திருவிழா தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வீடுகள் வெளிநாட்டு உறவுகளால் நிரம்பிவிடும். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த மருமகனுக்கு ஊர் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோண்டாவிலில் அக்கா வீட்டிலிருந்து நிலாவரை, கீரிமலை, பிறகு மானிப்பாய் என்று மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவன், "இங்கை ஆறே இல்லையா, மாமா?" என்றான். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நிலாவரையிலும் அப்படித்தான். இந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்துமாக இருப்பதால், தண்ணீர் மணலில் வடிவதுபோல் மெல்ல வடிந்து சுத்தமாவதில்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பதடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். வெடிப்புள்ள கல்லில் அந்தக் கணக்கும் உறுதியில்லை. நகரத்து ஒடுங்கிய காணிகளிலோ அந்த ஐம்பதடிக்கே இடமில்லை.

கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மருமகனின் முகம் வெளிறியது. வழியில் தெரிந்தவர்கள் வீட்டுப் படலைகளைத் தட்ட வேண்டியதாயிற்று.

"மத்தியானம் சாப்பிட்ட நண்டுதான் கவுத்துப்போட்டுது, மாமா."

வயிறு குழம்பினால் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வழக்கம். நேரக்கணக்கைப் பார்த்தால் கதை மாறும். ஆறவிட்ட சாப்பாட்டில் ஸ்டஃபிலோகொக்கஸ் விட்டுப்போன நஞ்சு என்றால் ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி புரட்டியெடுக்கும். இவனுக்கு வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை. தண்ணீராக மட்டும் போயிற்று. பயணிகளை அதிகம் பிடிக்கும் ஈ.கோலி வகை, உடலுக்குள் போய் ஒன்று முதல் மூன்று நாளில் வேலையைக் காட்டும். ஆய்வுகூடம் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சந்தேகம் முந்தாநாள் நல்லூர் வீதியில் குடித்த ஐஸ் சர்பத்துக்கும் அக்கா வீட்டுக் கிணற்றடியில் வாய் கொப்பளித்த தண்ணீருக்கும்தான் போகவேண்டும்.

இரத்தமும் சளியுமாக, காய்ச்சலோடு வயிறு முறுக்கினால் அது வயிற்றுளைவு. ஷிகெல்லாவோ அமீபாவோ காரணமாகலாம். கடையில் குளிசை வாங்கி அடக்கப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து, நாற்றமான ஏப்பத்தோடு தொடங்கி விட்டுவிட்டு இழுத்தால் ஜியார்டியா என்று சந்தேகிக்கலாம். 1681இல் லேவன்ஹூக் தன் சொந்த மலத்தையே நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த உயிரி அது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் வழியில் குளமோ ஆறோ கிடைத்ததைக் குடிக்க நேரும். ஜியார்டியா குளோரினுக்கு இலகுவில் சாகாது. கொதிக்கவைத்தால் செத்துப்போகும்.

மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை வாசலில் சற்று இளைப்பாறினோம். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். அவர் காலத்தில் வாந்திபேதி ஊரூராக ஆட்களை வாரிக்கொண்டு போனது. அதன் கிருமியை ரொபேர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிசெய்த 1884ஆம் ஆண்டிலேயே கிறீன் காலமானார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பக்கற் 'ஜீவனி' சீனி உப்புத் தூளைக் கரைத்தா. அந்தச் சீனியும் உப்பும் வயிற்றோட்டத்தை நிறுத்துவதில்லை. குளுக்கோஸ் குடற்சுவரைக் கடக்கும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும், அதன் பின்னால் தண்ணீரும் போகும். உடல் வற்றாது. 1971இல் வங்காள எல்லை அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே நூற்றுக்கு முப்பதளவிலிருந்த இறப்பை நாலுக்குள் இறக்கினார்.

அடுத்த நாள் கஞ்சி குடித்துத் தெளிந்தவன் கேட்டான்: "பெரியம்மாவும் அதே கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறா. அவவுக்கு ஏன் ஒண்டுமில்லை?"

அக்காவின் குடல் அறுபது வருசமாக அந்தக் கிருமிகளோடு பழகியது. அதனால் கிணறு சுத்தமென்று ஆகிவிடாது. மாரியில் நிலத்தடி நீர் மலக்குழி மட்டத்துக்கு உயரும்போது அவவின் பேரனும் இவனைப் போலத்தான் படுக்கிறான். போன கார்த்திகையில் அவன் பட்ட பாட்டை அக்காவே ஞாபகப்படுத்தினா.

"அவனுக்கு மட்டும்தான் கொதிக்க வைக்கிறனான்," என்றா. "இனிப் பெரிய பானையிலை வைக்கிறன். எல்லாரும் குடியுங்கோ, நானும் குடிக்கிறன்."